பாதியில் விட்ட டிகிரியை முடிப்பது எப்படி?

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாமல் விடமாட்டார்கள். 2008இல் என் பத்திரிகைக்கு ப்ரூஃப் காட்டிய அச்சகத்துக்காரர், "தம்பி, பேருக்குப் பின்னாடி பி.காம்.னு போட்டுரலாமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "வெறும் பேரு போதும்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். 2003இல் அரியரோடு கல்லூரியை விட்டு வெளியே வந்தவன் நான். அதை எழுதி முடித்தது 2022இல். இடையில் போன 19 வருஷத்தில் பாதிக்கு மேல், "இனிமேல் எழுத முடியாது" என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் இருந்த வருஷங்கள்.

தமிழ்நாட்டில் கல்லூரிப் படிப்பை ஏதோ ஒரு இடத்தில் விட்டுவிட்டு, முப்பது நாற்பது வயதில் அதை முடிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் உதாரணங்கள் பி.காம். பக்கமே சாயும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: மார்க் ஷீட்டுகளைத் தரையில் பரப்புங்கள்

எந்தப் பல்கலைக்கழக விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன்னால், பரண் மேலோ பீரோவிலோ இருக்கும் பழைய மார்க் ஷீட்டுகள் எல்லாவற்றையும் எடுங்கள். ஒரு தாளில் கோடு போட்டு, பேப்பரின் பெயர், பேப்பர் கோடு (அதன் குறியீட்டு எண்), எழுதிய மாதம், வருஷம், இன்டர்னல் மார்க், எக்ஸ்டர்னல் மார்க், பாஸா ஃபெயிலா என்று வரிசையாக எழுதுங்கள். ஒரே பேப்பரை மூன்று தடவை எழுதியிருந்தால் மூன்றையும் எழுதுங்கள்.

இதைச் செய்யும் வரை எனக்கு ஐந்து அரியர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாளில் எழுதிப் பார்த்தபோது ஒரு பேப்பருக்குக் கடைசியாக எழுதிய முறையின் மார்க் ஷீட் மட்டும் கையில் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மா ஒரு இரும்பு அலமாரியைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்றை எடுத்து, தூசி தட்டி, என் மார்க் ஷீட்டை உருவிக் கொடுத்தார். பாஸ் என்று போட்டிருந்தது. வேலைக்குப் போன அவசரத்தில் ரிசல்ட்டே பார்க்காமல் விட்ட பேப்பர். அந்தக் கட்டில் இன்னும் எத்தனையோ பேருடையது இருந்தது.

மார்க் ஷீட் தொலைந்துபோயிருந்தால் பதற வேண்டாம். பதிவு எண் தெரிந்தால் போதும். அது பழைய ஹால் டிக்கெட்டிலோ கல்லூரிப் பதிவேட்டிலோ இருக்கும். தொலைந்த ஆவணத்துக்கான புகாரைக் காவல் துறையின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். அந்த ரசீதை வைத்து நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இது நாள் பிடிக்கும் வேலை, ஆகவே முதலிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

நீங்கள் எந்த ரகம்?

தாளை எழுதி முடித்ததும் நீங்கள் மூன்றில் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். மூன்று வருஷமும் வகுப்புக்குப் போய், அரியர் மட்டும் நிற்பவர்கள் ஒரு ரகம். முதல் வருஷத்திலோ இரண்டாம் வருஷத்திலோ வகுப்பையே நிறுத்தியவர்கள் இன்னொரு ரகம். பழைய படிப்பை மீட்கவே முடியாதவர்களும், கல்லூரிக்கே போகாதவர்களும் மூன்றாவது. மூன்றுக்கும் வழி வேறு. ஒரு ரகத்துக்குச் சொன்ன யோசனையை இன்னொரு ரகத்துக்காரர் பிடித்துக்கொண்டு அலைவதால்தான் பாதிக் குழப்பம்.

அரியர் மட்டும் இருப்பவர்கள்

உங்களிடம்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கரைக்கு மிக அருகில் நிற்பவர்கள் நீங்கள்தான்.

விதிப்படி ஒரு படிப்பை முடிக்கக் கால வரம்பு உண்டு. படிப்பின் காலத்தோடு இரண்டு வருஷம், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் ஒரு வருஷம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2015இல் சொன்ன அளவு. அப்படிப் பார்த்தால் நம்மில் பலருக்குக் கதவு எப்போதோ மூடிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது 'சிறப்பு வாய்ப்பு' என்று ஒன்றைத் தருகின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2021இல் அப்படி அறிவித்தபோது 2001-02இல் சேர்ந்தவர்கள் வரை அரியர் எழுத அனுமதித்தது. தேர்வுக் கட்டணத்துக்கு மேல் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. கலை அறிவியல் பக்கமும் இப்படி அறிவிப்புகள் வந்திருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவு. பேப்பரில் ஒரு நாள் செய்தி வரும், அன்றைக்கு நீங்கள் பேப்பர் பார்க்காவிட்டால் போயிற்று.

அதனால் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள். யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் படித்த சமயத்தில் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி, அதாவது அட்டானமஸ் என்றால், தேர்வு நடத்துவது கல்லூரியேதான். அங்கேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருப்பார். சாதாரண இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போக வேண்டும். நீங்கள் படித்தபோது இணைப்புக் கல்லூரியாக இருந்து பிறகு அட்டானமஸ் ஆனது என்றால், உங்கள் மார்க் ஷீட்டின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம் முதலில் கேளுங்கள். பல்கலைக்கழகங்களே பிரிந்தும் சேர்ந்தும் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2007 முதல் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரிந்து, 2012இல் மறுபடி ஒன்றானது. அந்தக் காலத்தில் கோவை என்று போட்ட மார்க் ஷீட் வாங்கியவர்கள், அந்தப் பல்கலைக்கழகமே இப்போது இல்லையே என்று கலங்க வேண்டாம். கேள்வியைச் சென்னைக்கு அனுப்புங்கள்.

கேட்பதை வாயால் கேட்டால் "அதெல்லாம் முடியாதுங்க" என்று கவுன்டரிலேயே பதில் வரும். எழுத்தில் கேளுங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, நான் 2000–2003 ஆண்டுகளில் பி.காம். படித்தேன். பதிவு எண் இது. கீழ்க்கண்ட நான்கு தாள்களில் தேர்ச்சி பெற வேண்டியுள்ளது. (தாள்களின் பெயர், குறியீடு.) இவற்றை எழுத எனக்கு இப்போது வாய்ப்பு உள்ளதா, இல்லையெனில் அடுத்த சிறப்பு வாய்ப்பு எப்போது, இவற்றுக்கு இணையான தற்போதைய தாள்கள் எவை என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, குடும்பக் கஷ்டம் எல்லாம் உண்மைதான், ஆனால் அதைப் படித்து முடிப்பதற்குள் கேள்வி என்ன என்று அங்கே மறந்துவிடுவார்கள். பதிவுத் தபாலில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று அனுப்புங்கள். பதிலே வரவில்லையா, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். எனக்கு வந்த முதல் உருப்படியான பதில் அந்த வழியில் வந்ததுதான்.

சிலபஸ் மாறியிருக்கும், கவனம்

இது நான் அடிபட்டுக் கற்றது. அரியரில் ஒன்று மறைமுக வரி. வீட்டிலிருந்த பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, மத்திய கலால் வரி, 1959ஆம் வருஷத்துத் தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டம் என்று ராத்திரி ராத்திரியாக மனப்பாடம் செய்தேன். விண்ணப்பத்தில் பழைய பேப்பர் கோடைத்தான் எழுதியிருந்தேன். வாங்கிக்கொண்டவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்தது. அதில் வேறு கோடு, வேறு பெயர். ஆபீஸில் அப்போதுதான் பி.காம். முடித்து வந்திருந்த பையனிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணா, இது முழுக்க ஜிஎஸ்டி."

தமிழ்நாட்டில் விற்பனை வரி போய் 2007இல் வாட் வந்து, 2017 ஜூலையில் அதுவும் போய் ஜிஎஸ்டி வந்தாயிற்று. மாசா மாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவன் நான். ஆனாலும் 2003இல் கல்லூரியில் உட்கார்ந்திருந்த பழைய நான் எழுதப்போகும் பரீட்சை என்றே மனசு நினைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் நான் நல்ல மார்க் எடுத்த ஒரே பேப்பர் அதுதான். உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) பற்றிய கேள்விக்கு வேலையில் பார்த்ததையே எழுதினேன். ஆனால் கம்பெனிச் சட்டம் அப்படி இல்லை. நான் படித்தது 1956 சட்டம். கேள்வி வந்தது 2013 சட்டத்தில். கார்ப்பரேட் அக்கவுன்டிங்கில் இருப்புநிலைக் குறிப்பின் படிவமே மாறிவிட்டது.

ஆகவே பணம் கட்டும் முன்னால் துறைத் தலைவரைப் பாருங்கள். பழைய தாளுக்கு இணையான புதிய தாள் எது என்று பாடத்திட்டக் குழு முடிவு செய்து வைத்திருக்கும். 'ஈக்விவேலன்ட் பேப்பர்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அதை ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள். பிறகு இப்போதைய சிலபஸ், கடைசி நாலைந்து கேள்வித்தாள்கள். பழைய புத்தகத்தைப் பாசத்தோடு திரும்பப் பரணில் வைத்துவிடுங்கள்.

நடுவில் நிறுத்தியவர்கள்

வகுப்பையே முடிக்காதவர்களுக்கு அரியர் வழி கிடையாது. எழுதாத செமஸ்டருக்கு வருகைப்பதிவு இல்லாததால் தேர்வுக்கு விடமாட்டார்கள். ஓரிரு வருஷ இடைவெளி என்றால் அதே கல்லூரியில் மறுசேர்க்கை கேட்டுப் பார்க்கலாம். பத்து வருஷம் கடந்துவிட்டால் நடைமுறையில் தொலைநிலைக் கல்விதான். படித்த முதல் வருஷத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இரண்டாம் வருஷத்தில் சேர்க்கச் சில இடங்களில் இடம் தருவதுண்டு. பாடங்கள் ஒத்துப்போக வேண்டும். கேட்டுப் பாருங்கள், ஆனால் அதற்காக ஒரு வருஷம் அலையாதீர்கள். முதலிலிருந்து சேர்ந்தாலும் கூடுதலாகப் போவது அதே ஒரு வருஷம்தான்.

'கிரெடிட் பேங்க்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021இல் யுஜிசி கொண்டுவந்தது. படித்த பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகளான கிரெடிட்டுகளை ஒரு கணக்கில் சேர்த்து வைத்து, அதிகபட்சம் ஏழு வருஷத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நம் காலத்து மார்க்குகளை யாரும் அதில் போட்டு வைக்கவில்லை. பழைய படிப்பு அந்தக் கணக்கில் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பொறியியலைப் பாதியில் விட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி.இ., பி.டெக். படிப்பைத் தொலைநிலையில் முடிக்க முடியாது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் விஷயத்தில் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பளித்து, பட்டம் வாங்கிப் பதவி உயர்வு பெற்றவர்கள் வரை தவித்துப்போனார்கள். அரியர் என்றால் சிறப்பு வாய்ப்புக்குப் போங்கள். அது இல்லை என்றால் பி.ஏ.வோ பி.காமோ பி.பி.ஏ.வோ தொலைநிலையில் படிப்பது மேல். பட்டதாரி என்ற தகுதி மட்டும் கேட்கும் வேலைகளுக்கு அதுவே போதும்.

புதிதாகச் சேர்பவர்கள்

சென்னை சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கியது. தமிழ் வழியில் படிக்க விரும்புபவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம். இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985 முதல் இருக்கிறது. வயது உச்சவரம்பு கிடையாது, ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை, ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷம் வரை இழுத்து முடிக்கலாம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய வசதி. அங்கே அசைன்மென்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பி.ஏ. போன்ற படிப்புகளில் அதற்கு 30 சதவீதம். கையால் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் தேர்வில் எவ்வளவு எடுத்தாலும் அந்தப் பாடம் முடியாது. என் மைத்துனர் தேர்வெல்லாம் பாஸ் செய்துவிட்டு, இரண்டு அசைன்மென்டுக்காக ஒரு வருஷம் காத்திருந்தார்.

சேரும் முன்னால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை அந்த வருஷம் நடத்த அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்து படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேரும் மாணவரே டெப்-ஐடி என்ற அடையாள எண்ணை அந்தத் தளத்தில் உருவாக்க வேண்டும். அதற்கு முன் கிரெடிட் பேங்க் எண் வேண்டும், அதற்கு ஆதார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'எஸ். முருகன்' என்றும் ஆதாரில் அப்பா பெயரோடு 'முருகன் சுப்பிரமணியம்' என்றும் இருந்தால் இங்கேதான் இடிக்கும். பெயரை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்.

"ஒரே சிட்டிங்கில் டிகிரி", "பழைய வருஷம் போட்டுத் தருகிறோம்" என்று போனில் பேசுபவர்களை அங்கேயே வெட்டிவிடுங்கள். மூன்று வருஷப் பட்டத்தை ஒரே சிட்டிங்கில் தர எவருக்கும் அதிகாரம் இல்லை.

ப்ளஸ் டூ முடிக்காதவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இக்னோவில் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்து நேராகப் பட்டத்தில் சேர வழி உண்டு என்று சொல்வார்கள். ஆனால் தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ, பட்டம் என்ற வரிசையைப் பார்ப்பார்கள். குரூப் 2 மாதிரி ஏதாவது மனசில் இருந்தால், தனித்தேர்வராக ப்ளஸ் டூ எழுதிவிட்டு அப்புறம் பட்டத்துக்குப் போங்கள். குறுக்கு வழியில் போய் மூன்று வருஷம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே நிற்பதைவிட இது எவ்வளவோ தேவலை.

கை வலிக்கும்

படிப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அவரவர் வீடு, அவரவர் நேரம். எனக்கு விடிகாலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை, பால்காரர் மணியடிக்கும் வரைக்கும்தான். நான் எதிர்பார்க்காத தொல்லை ஒன்று இருந்தது: எழுத்து. பல வருஷமாகக் கம்ப்யூட்டரும் போனும்தான். பேனாவால் எழுதியது செக்கில் கையெழுத்து மட்டும். மாதிரித் தேர்வு ஒன்று எழுத உட்கார்ந்தேன். இருபதாவது நிமிஷம் கட்டைவிரல் அடியில் வலி தொடங்கியது, ஒரு மணி நேரத்தில் எழுத்து கோழி கிறுக்கியது போல ஆனது. மூன்று மணி நேரத் தேர்வு அது. அன்றையிலிருந்து தினம் இரண்டு பக்கம், பிறகு நாலு பக்கம் என்று எழுதினேன். என்ன எழுதினால் என்ன, பாடத்தையே எழுதுங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் முழு மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து இரண்டு தடவையாவது உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டியிருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள். கேள்வித்தாளின் பொடி எழுத்து நம் வயதுக்கு அடித்ததல்ல.

பாஸ் மார்க்கையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். என் பி.காமில் எக்ஸ்டர்னல் 75க்கு 30 எடுத்தாக வேண்டும். இன்டர்னலோடு சேர்த்து 40 வந்துவிட்டது என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. தியரி பேப்பரில் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். தெரிந்ததைப் பாதிப் பக்கம் எழுதினாலும் மார்க் விழும்.

தேர்வு அறைக்கு வெளியே உங்களை மேற்பார்வையாளர் என்று நினைத்து ஒரு பெண் "சார், ரூம் நம்பர் 14 எங்க?" என்று கேட்பாள். எனக்குத் தெரியாதும்மா, நானும் அதைத்தான் தேடுகிறேன் என்று சொல்லுங்கள். சேர்ந்தே தேடலாம்.

லீவ் விஷயத்தில் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் மறைத்தேன். இரண்டாவது பேப்பர் அன்று ஷிப்மென்ட் நாள். ஹால் வாசலில் நின்று போனை அணைக்கும்போது பதினொரு மிஸ்டு கால் இருந்தது.

ரிசல்ட் வந்த பிறகு

பாஸ் ஆனதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். முதலில் தற்காலிகச் சான்றிதழ், அதாவது ப்ரொவிஷனல். எல்லா செமஸ்டரும் சேர்ந்த ஒருங்கிணைந்த மார்க் ஷீட்டுக்கு விண்ணப்பியுங்கள். பழைய கல்லூரியில் டி.சி. வாங்காமல் விட்டிருந்தால் அதையும் வாங்குங்கள். பிறகு பட்டமளிப்பு விழாவுக்கு விண்ணப்பம். நேரில் வர முடியாது என்றால் 'இன் ஆப்சென்ஷியா' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் தபாலில் அனுப்புவார்கள். முகவரியை இரண்டு முறை சரிபாருங்கள்.

பட்டம் கைக்கு வந்ததும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போவீர்கள். கடைக்காரர் "லேமினேட் பண்ணிடவா சார்?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைக்கோ வேறு எதற்கோ சான்றொப்பம் வாங்க நேர்ந்தால் அதன் பின்பக்கத்தில் முத்திரை குத்த வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் உறை ஒன்று 10 ரூபாய்க்குக் கிடைக்கும், அதில் போட்டு வையுங்கள்.